தமயந்தியின் அறுபத்திரண்டாம் வருஷம்

நெய்வேலி
7-1-1962

அன்புத் தங்கை பேச்சியம்மாளுக்கு அண்ணன் இசக்கிமுத்து எழுதுவது. இங்கே நானும் மாடசாமியும் மருமகளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சந்திரகலாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே ஒரு வரி போடு.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள். "சார், ஒரே பாட்டுக்காரியப் பத்தி வருஷா வருஷம் உங்க தங்கச்சிக்கு எழுதுதீங்களாமே, அப்படி எழுத என்ன சார் இருக்கு?" வகுப்பே சிரித்தது. நம் ஊர்ப் பேச்சு பள்ளிக்கூடம்வரை எட்டியிருக்கிறது பார். நான் சொன்னேன்: "தாமிரபரணி ஒரே ஆறுதானே அம்மா? ஆனாலும் இந்த வருஷம் தண்ணீர் எத்தனாவது படிவரை வந்தது என்று எல்லாரும் கேட்கத்தானே செய்கிறோம்?" அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒத்துக்கொண்டாளா என்று தெரியாது.

அந்தப் பாட்டுக்காரி நாங்குநேரி தமயந்தியின் சென்ற வருஷப் பாட்டுக் கணக்கை டிசம்பரிலேயே உனக்கு எழுதிவிட்டேன். இந்த வருஷத்தின் முதல் வரவு இலங்கை வானொலியில் கேட்ட ஊஞ்சல் பாட்டு. நீயும் கேட்டிருப்பாய். ஊசி துணிக்குள் போய் மறுபக்கம் வருகிறதல்லவா? உள்ளே போகும்போது தெரியாது, வெளியே வரும்போது நூலோடு வரும். அவள் குரல் மேலே போய்த் திரும்புவது அப்படி இருந்தது. மருமகள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். பால் பொங்கி வழிந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே பொங்கல் என்று மாடசாமி கேலி செய்தான்.

இந்தப் பதினோராம் பிளாக்கில் எல்லா வீடும் ஒரே மாதிரி. முதல் வாரம் நான் இரண்டு தடவை அடுத்த வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றினேன். எனக்கு லேசான இருமல். மண் தூசிதான். சந்திரகலாவுக்கு வரன் பார்த்தது எதுவரை வந்திருக்கிறது?

அன்புடன்,
இசக்கிமுத்து


அம்பாசமுத்திரம்
11-2-1962

அண்ணனுக்குப் பேச்சி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இருமலுக்குச் சுக்கும் திப்பிலியும் இடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

சந்திரகலாவுக்கு இடம் அமைந்துவிட்டது. கோவில்பட்டியில் தபாலாபீசில் வேலை. பையன் பெயர் ராஜாங்கம். அமைதியான முகம். அவன் அம்மாதான் எல்லாம் பேசுகிறாள். வந்து உட்கார்ந்த உடனே, "உங்க வகையில யாருக்கும் சயரோகம், கியரோகம் உண்டா? மறைக்காம சொல்லிடுங்க. எங்க நாத்தனார் வீட்டுல ஒரு பொண்ணெடுத்து பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். இவர், "எங்க பக்கம் தலைவலிகூட வராது மதினி" என்றார். அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

சித்திரையில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் சந்திரகலா மணவறைக்கு வரவேண்டும். இப்போதே மாடசாமியிடம் சொல்லி வையுங்கள்.

ஊஞ்சல் பாட்டைக் கேட்டேன். சந்திரகலா வீடு பெருக்கும்போதெல்லாம் அதையே பாடுகிறாள். அவளுக்கு உங்கள் ஊசியும் வரவில்லை, நூலும் வரவில்லை.

பேச்சியம்மாள்


நெய்வேலி
4-3-1962

அன்புள்ள மாப்பிள்ளை சிவப்பிரகாசம் அவர்களுக்கு, தங்கள் நலனையும் கடை வியாபாரத்தையும் கேட்டு எழுதுகிறேன். பேச்சியின் கண்ணில் படக்கூடாது என்றுதான் இதைக் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

எனக்கு வந்திருப்பது டி.பி.தான், சம்பந்தியம்மா கேட்ட அதே சயரோகம். படம் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். டவுன்ஷிப்பில் தெரியவேண்டாம் என்று குறிஞ்சிப்பாடியில் ஒரு டாக்டரிடம் போகிறேன். தினமும் பஸ்ஸில் போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறேன். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி அறை. மாடசாமியும் மருமகளும் முகம் சுளிக்காமல் பார்க்கிறார்கள்.

மறைப்பது சரியா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். பெண் உங்கள் பெண். டாக்டரிடம் கேட்டேன். நான் தள்ளி இருக்கிறவன், அந்தக் குடும்பத்துக்கு என்னால் ஒன்றும் வராது, சளியில் கிருமி இல்லை என்று ஆன பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். ஆவணிக்குள் ஆகிவிடும் என்றும் சொல்கிறார். நிச்சயத்துக்கு மட்டும் வரமுடியாது.

இன்னொன்றும் சொன்னார். "இந்த மருந்து நெஞ்சைக் காப்பாத்தும் சார். சிலருக்குக் காதைக் கெடுத்துடும். காதுல இரைச்சல் வந்தா அன்னைக்கே சொல்லிடணும். நிறுத்திட்டு வேற மருந்து குடுக்கலாம். ஆனா அதுல நாளாகும். இந்த வருஷம் பூரா ஆனாலும் ஆகும்."

இதுவரை இரைச்சல் ஒன்றும் இல்லை.

இசக்கிமுத்து


அம்பாசமுத்திரம்
10-3-1962

மைத்துனருக்கு. கடிதம் கிடைத்தது. படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். தாலி ஏறும்வரை இது நம் இருவரோடு இருக்கட்டும். பேச்சியைச் சமாளிப்பது என் பாடு. கல்யாணத்துக்கு மட்டும் வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாமல் அவள் அந்தப் பந்தலில் நிற்கமாட்டாள். உடம்பைப் பாருங்கள்.

சிவப்பிரகாசம்


அம்பாசமுத்திரம்
2-5-1962

அண்ணனுக்கு. நாங்கள் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

நிச்சயம் நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் மாமன் எங்கே, மாமன் எங்கே என்று கேட்டார்கள். "மாடசாமிக்கு ஷிப்ட் மாறிட்டு, மருமகளத் தனியா விட்டுட்டு வரமுடியல" என்று உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். சம்பந்தியம்மா, "மாமனுக்கு ரயில் கிடைக்கலையோ, மனசு கிடைக்கலையோ" என்றாள். நான் பந்திக்கு இலை போடப் போய்விட்டேன். என்றைக்கும் எனக்கு முந்திக்கொண்டு உங்களைக் குறை சொல்கிற உங்கள் மாப்பிள்ளை அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

தமயந்தியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ரேடியோவில் பழைய பாட்டுத்தான் போடுகிறார்கள். தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று பேசிக்கொள்கிறார்கள்.

பேச்சியம்மாள்


நெய்வேலி
17-6-1962

அன்புத் தங்கைக்கு. நான் சுகம். உன் கோபம் எப்படி இருக்கிறது என்று எழுது.

நிச்சயத்துக்கு வராதது தப்புத்தான். காரணம் சொல்லி அதைச் சின்னதாக்கப் போவதில்லை. ஆவணிக்கு வருவேன். அது நிச்சயம்.

நான் இப்போது தினமும் குறிஞ்சிப்பாடிவரை பஸ்ஸில் போய் வருகிறேன். வயதானவனுக்குக் காற்றாட ஒரு போக்கு. கொளஞ்சியப்பன் என்று ஒருவர், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, அதே பஸ்ஸில் வருவார். நான் ஏறினதுமே எல்லாருக்கும் கேட்கக் கத்துவார். "இன்னா வாத்தியாரே, தெனம் தெனம் குறிஞ்சிப்பாடி போய்க்கினு இருக்கீங்க! அங்க எதுனா சின்ன வூடு வச்சிருக்கீங்களா?" பஸ் முழுவதும் சிரிக்கும். நானும் சிரிப்பேன். நல்ல மனுஷர். இப்போதெல்லாம் அவர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து கத்துகிறார்.

பவர் ஹவுஸ் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஓயாத இரைச்சல். ராத்திரி பகல் கிடையாது. மாடசாமியிடம் சொன்னேன். இவ்வளவு தூரத்துக்கு அது கேட்காதே அப்பா என்கிறான். அவனுக்குப் பழகிவிட்டது போலும்.

தமயந்தி ஓய்ந்துவிட்டாள் என்று யார் சொன்னது? பண்ருட்டிச் சந்தையில் புதுப் படத்தின் பாட்டுப் புத்தகம் வாங்கினேன். அதில் வரும் தறிப் பாட்டு அவள் பாடியது. என்ன குழைவு, என்ன நிதானம்! இந்த வருஷத்தில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

இசக்கிமுத்து


அம்பாசமுத்திரம்
1-7-1962

அண்ணனுக்கு. எல்லாரும் நலம். கோபம் பாதி போய்விட்டது. மீதி கல்யாணப் பந்தலில் உங்களைப் பார்த்ததும் போகும்.

தறிப் பாட்டு தமயந்தி பாடியதா? உங்களுக்கு என்ன ஆயிற்று? அது யாரோ புதிதாக வந்திருக்கிற சின்னப் பெண். கிளி மாதிரிக் குரல். முதல் வரியிலேயே சந்திரகலா, "இது அவ இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள். நானும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பெயரைத் தப்பாக அச்சுப் போட்டிருக்கிறான். புத்தகம் தப்புச் சொல்லலாம். பதினாலு வருஷமாய் அவளைக் கேட்கிற உங்கள் காது தப்புச் சொல்லலாமா? "அண்ணாச்சிக்குத் தமயந்தி சலிச்சுப்போச்சு" என்று இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

பட்டுப்புடவை எடுத்தாகிவிட்டது. மாம்பழ நிறம். சீக்கிரம் வாருங்கள்.

பேச்சியம்மாள்


நெய்வேலி
16-9-1962

அன்புத் தங்கைக்கு. ஊர் வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு சிரமமும் இல்லை. கல்யாண அலைச்சலில் நீ இளைத்துப் போயிருந்தாய். வேளைக்குச் சாப்பிடு.

எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. சந்திரகலா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அவள் கை ஈரமாக இருந்தது. ஏதோ சொன்னாள். தலையாட்டினேன். சம்பந்தியம்மாவும் என்னிடம் நெடுநேரம் பேசினாள். அதற்கும் தலையாட்டினேன். என்னைப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மைக்செட்டுக்காரர் வைத்திருந்த இசைத்தட்டுகளில் தமயந்தியின் பெயர் போட்ட புதுத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். அதை எனக்காகவே போட்டார்கள் போலிருக்கிறது. ஆபரேஷன், அது இது என்று எழுதினாயே, குரல் அப்படியே இருக்கிறது பார். பாலில் ஒரு துளி தண்ணீர்கூடச் சேரவில்லை.

சந்திரகலா புது வீட்டில் எப்படி இருக்கிறாள்?

இசக்கிமுத்து


அம்பாசமுத்திரம்
25-11-1962

அண்ணனுக்கு. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இந்தத் தடவை நிஜமாகக் கேட்கிறேன். நிஜமாகப் பதில் எழுதுங்கள்.

இரண்டு மாதமாய் ஏன் எழுதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். சீனாச் சண்டைச் செய்தி கேட்பதிலேயே பொழுது போனது என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பந்தலில் மைக்செட் வெள்ளைச்சாமி அந்தப் புதுத் தட்டைப் போட்டதும் என்ன நடந்தது தெரியுமா? குரல் கரகரவென்று அடியில் கிடந்து வந்தது. பந்தியில் இருந்தவர்கள், "ஏ வெள்ளைச்சாமி, யாருடே இது, ஆம்பளையா பொம்பளையா?" என்று சத்தம் போட்டார்கள். "தமயந்திவே" என்றான். "அவ செத்துட்டாளா, தட்டு தேஞ்சிட்டா?" என்று ஒருத்தர் கேட்டார். ஒரே சிரிப்பு. பாதியிலேயே தட்டை எடுத்துவிட்டான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அந்த மைக்செட் குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். பெருந்தன்மையாகப் பேசாமல் இருக்கிறீர்கள் என்று அப்போது நினைத்தேன்.

கடிதத்தை இவரிடம் நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். டி.பி.யைப் பற்றி, குறிஞ்சிப்பாடியைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி. காது போனது அவருக்கும் தெரியாதாம்.

எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் மாவு ஆட்டினேன். மறுநாளும் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. ரேடியோவில் அவள் பாட்டு வந்தால் நிறுத்திவிடுகிறேன். அந்தக் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை. உங்களுக்கு இல்லாததை நான் மட்டும் கேட்கவும் பிடிக்கவில்லை.

எப்போதிலிருந்து கேட்கவில்லை? அதை மட்டும் எழுதுங்கள்.

சந்திரகலாவுக்கு இது மூன்றாம் மாதம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சியம்மாள்


நெய்வேலி
30-12-1962

அன்புத் தங்கை பேச்சிக்கு. நெஞ்சு சுத்தமாகிவிட்டது. ஊசியை எப்போதோ நிறுத்தியாயிற்று. எடை ஏறியிருக்கிறது. பசிக்கிறது. சந்திரகலாவின் செய்தியை மூன்று தடவை படித்தேன். மாப்பிள்ளையைக் கோபிக்காதே. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

இரைச்சல் சித்திரையில் வந்தது. பவர் ஹவுஸ்தான் என்று நானே நம்பப் பார்த்தேன். அப்புறம் நம்பமுடியவில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை மாற்றுவார், ஆவணி தப்பிவிடும். ஒரு பையன் பரீட்சையில் இரண்டு கேள்விக்கும் நேரம் போதாது என்று தெரிந்தால் ஒன்றை விட்டுவிடுவான் இல்லையா? அப்படித்தான் விட்டேன். ஆனியில் மனிதர்கள் பக்கத்தில் கத்தினால் மட்டும் கேட்டது. ஆடியில் அதுவும் இல்லை. இப்போது அந்த இரைச்சலும் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம் இருக்கவேண்டும். தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. உனக்கு அழுகை வரவில்லை என்று எழுதியதைப் படித்தபோது, தூக்கம் வராத ராத்திரியில் வீட்டில் இன்னொருவரும் விழித்திருக்கிறார் என்று தெரிந்ததுபோல இருந்தது. அவ்வளவுதான்.

மருமகள் சொல்லவேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். ஒற்றெழுத்தை விட்டால் திருத்திக் கொடுக்கிறேன். "மாமா, சோறு ஆறுது, அப்புறமா மார்க் போடுங்க" என்று நேற்று எழுதினாள்.

வருஷக் கணக்குக்கு வருகிறேன். டிசம்பர் முடிகிறது, எழுதாமல் விடமுடியாது.

மார்கழிக் கடைசியில் ஊஞ்சல் பாட்டு. அதை முழுதாகக் கேட்டேன். மாசியில் இரண்டு பாட்டு. ஒன்று சுமார், படத்துக்காகப் பாடியது. இன்னொன்று திருச்சி வானொலி நிலையத்தில் பாடிய விருத்தம். அதைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டே கேட்டேன். பஸ்ஸை விட்டேன். பங்குனியில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் கடைசியாகக் கேட்ட பாட்டு எது என்று எனக்குத் தெரியவில்லை, பேச்சி. சித்திரையில் பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் மருமகளுக்கு முருங்கைக்காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை. அதுதான் கடைசியாக இருக்கும்.

அதே சித்திரையில் அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பத்திரிகையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். தறிப் பாட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் போகவேண்டியதை இவள் தலையில் கட்டியது என் பிழை. ஆவணியில் புதுத் தட்டு. "குரல் அப்படியே இருக்கிறது" என்று நான் எழுதியது பொய் என்று உனக்குத் தெரியும். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. என்னிடம் அந்த ஒரு குரல்தான் இருக்கிறது.

உன் கடிதம் வந்த பிறகு ஒரு வேலை செய்தேன். அந்தப் புதுத் தட்டுப் பாட்டு ரேடியோவில் வருகிற நேரம் பார்த்து வீட்டில் இருந்தவர்களைக் கேட்டேன், இப்போது எப்படிப் பாடுகிறாள் என்று. மாடசாமி, "முன்ன மாதிரி இல்லப்பா" என்று எழுதினான். மருமகள், "கரகரப்பு" என்று எழுதினாள். கொளஞ்சியப்பன் வந்திருந்தார். பஸ்ஸில் என்னைக் காணவில்லை என்று முந்திரிப்பருப்புடன் வீட்டைத் தேடி வந்த மனுஷர். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொன்னதை மருமகள் அப்படியே எழுதினாள். "வேலையெல்லாம் முடிச்சிட்டு, வயசான பொம்பள ஒண்ணு வாசல்ல ஒக்காந்துகினு தனக்குத்தானே பாடற மாதிரி இருக்குதுங்க. யாரும் கேக்கணும்னு பாடல." எழுதி முடித்துவிட்டு மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, தப்பா சொல்லிட்டனா?" என்று கேட்டாராம்.

இந்த வருஷத்தில் முதலிடம் அந்தப் புதுப் பாட்டுக்கு. நான் கேட்காத பாட்டுக்கு இடம் கொடுக்கக்கூடாதுதான். ஆனால் அவள் அதை எப்படிப் பாடியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். புண்ணான தொண்டை ஒரு வரியை ஒரே மூச்சில் தூக்காது. நடுவில் எங்கேயாவது நிற்கவேண்டியிருக்கும். சுமைதூக்குகிறவர் எங்கே இறக்கிவைக்கிறார் என்று பார்த்தால் சுமையின் கனம் தெரியும். அது எனக்குத் தெரியவேண்டும். அதற்கு என் காது வேண்டாம், உன் காது போதும்.

ஆகையால் இனி அவள் பாட்டு வந்தால் ரேடியோவை நிறுத்தாதே. அந்தப் புதுப் பாட்டை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேள். அவள் மூச்சு எடுக்கிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு எனக்கு அனுப்பு.

இசக்கிமுத்து